முட்டத்தில் ஒரு முதுகு ஆபரேஷன்

முட்டம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? எனக்குத் தெரியும். 1981ல் வந்த 'அலைகள் ஓய்வதில்லை'. பாறை, அலை, கார்த்திக், ராதா. இன்னும் கொஞ்சம் சினிமா ஞானம் உள்ளவராக இருந்தால் 1986ல் வந்த 'கடலோரக் கவிதைகள்'. ஆகமொத்தம், காதலிப்பதற்கென்றே கடவுள் ஸ்பெஷலாகப் படைத்த ஊர் என்று முடிவு கட்டி வைத்திருப்பீர்கள்.

போய்ப் பாருங்கள். பாறை இருக்கிறது. அலை இருக்கிறது. லைட் ஹவுஸ் இருக்கிறது. ஹீரோ ஹீரோயின் ஓடிப் பிடித்து விளையாடிய மணலில், லுங்கியை மடித்துக் கட்டிய நாலு பேர் ஒரு படகின் பின்பக்கம் குத்த வைத்து உட்கார்ந்து, அஞ்சு ரூபாய் காசால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பார்க்கப் போனது அந்தப் படகைத்தான்.

திருவல்லிக்கேணி மேன்ஷனில் என் பக்கத்து ரூம்காரன் முட்டத்துப் பையன். ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். 'பின்பலகை ஆடுது மக்கா' என்று ஊரிலிருந்து அப்பா போன் பண்ணினார். பையன் உடனே லீவு லெட்டர் எழுதினான்: 'முதுகில் ஆபரேஷன் நடக்க இருப்பதால் ஒன்பது நாள் விடுப்பு வேண்டும்.' யார் முதுகு என்று அவன் எழுதவில்லை. மேனேஜரும் கேட்கவில்லை.

நானும் ஒட்டிக்கொண்டேன். சாயங்காலம் எழும்பூரில் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ். விடிந்தால் நாகர்கோவில். அங்கிருந்து முக்கால் மணி நேர பஸ். இறங்கியதும் ஒரு சாயா, ஒரு பழம்பொரி. (டீ, பஜ்ஜி என்று கேட்டாலும் கொடுப்பார்கள். ஆனால் 'சென்னையா?' என்று ஒரு பார்வை பார்ப்பார்கள்.)

முதுகு எதற்கு?

முதலில் பாடம். படகின் பின்பக்கத்தை மூடுகிற தட்டையான சுவருக்கு இங்கிலீஷில் டிரான்ஸம் என்று பெயர். பின்பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியில் தொங்குகிற அவுட்போர்டு மோட்டாரை இதில்தான் மாட்டுகிறார்கள்.

நம் கட்டுமரத்துக்கு இந்தச் சமாசாரமே கிடையாது. நாலைந்து மரத்தைச் சேர்த்துக் கட்டினால் தீர்ந்தது. பழைய வள்ளங்களில் பலவும் முன்னும் பின்னும் குறுகினவை. தட்டையான முதுகுக்கு அவசியம் வந்தது மோட்டாரால்தான்.

அந்த மோட்டார் வந்ததற்கு ஒரு காதல் கதை உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்ஸின் மாநிலத்தில் ஓலே எவின்ரூட் என்ற இளைஞர். ஏரிக்கரைக்கு பிக்னிக் போன இடத்தில் காதலி ஐஸ்கிரீம் கேட்டாள். மனுஷன் துடுப்புப் போட்டு ஏரியைக் கடந்து, வாங்கிக்கொண்டு திரும்பி வருவதற்குள் ஐஸ்கிரீம் பால் பாயசமாகிவிட்டது என்று சொல்வார்கள். அந்தக் கடுப்பில் யோசித்தவர், 1909ல் படகின் பின்னால் மாட்டும் மோட்டாரை விற்க ஆரம்பித்துவிட்டார். அந்தப் பெண்ணையே கல்யாணமும் பண்ணிக்கொண்டார். (ஐஸ்கிரீமுக்காக அலைகிற வாலிபர்களே, கவனிக்க!)

மோட்டார் நாற்பது கிலோவுக்குக் குறையாது. அதைத் தொங்கவிடுவதோடு பலகையின் வேலை முடியவில்லை. தண்ணீருக்குள் சுற்றுகிற விசிறி தள்ளுகிற தள்ளு முழுக்க அந்த ஒன்றரை அங்குலப் பலகை வழியாகத்தான் படகுக்குப் போகிறது. அலையில் ஏறி இறங்கும்போதெல்லாம் மோட்டார் ஒரு கடப்பாரை மாதிரி அதை நெம்புகிறது. பலகை கரையில் உடைந்தால் செலவு. கடலில் உடைந்தால் மோட்டார் கீழே போகும். போகிற வழியில் முதுகையும் பிய்த்துக்கொண்டு போனால், அடுத்த அலை உள்ளே வரும்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்ததே, அதில் ஆளை இழந்த ஊர்கள் இந்தக் கரையில் வரிசையாக இருக்கின்றன. நடுக்கடலில் மோட்டார் இல்லாமல் கிடப்பது என்றால் என்ன என்று இவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பளபளப்புக்குப் பின்னால்

நண்பனின் அப்பா அறுபதைத் தாண்டியவர். படகு 2005ல் வந்தது. 2004 டிசம்பர் 26ம் தேதி சுனாமியில் இருந்ததெல்லாம் போக, அதன் பிறகு நம் கரை முழுக்க ஆயிரக்கணக்கில் பைபர் படகுகள் வந்தனவே, அதில் ஒன்று. வயது இருபது. நான் படித்த பி.காம். கணக்குப்படி தேய்மானம் போட்டால் அதன் மதிப்பு எப்போதோ பூஜ்யம். ஆனால் அந்தப் பூஜ்யம்தான் பையனை பி.காம். படிக்க வைத்தது. அதனால் அதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

"பைபர் அழுகாதுன்னு சொல்றாங்களே ஐயா?" என்றேன்.

"பைபர் அழுகாது தம்பி. உள்ள இருக்குத பலகைதான் அழுகும்" என்றார்.

விஷயம் அதுதான். கண்ணாடி இழையையும் பாலியெஸ்டர் ரெசினையும் சேர்த்துப் படகு செய்யலாம் என்று 1942ல் அமெரிக்காவின் ஒஹையோவில் ரே கிரீன் என்பவர் செய்து காட்டினார். துருப்பிடிக்காது, செல்லரிக்காது. ஆனால் மோட்டார் மாட்டுகிற இடத்துக்கு வெறும் பைபர் போதாது, வளையும். அதனால் வெளியே பைபர், நடுவில் ப்ளைவுட், உள்ளே மறுபடி பைபர் என்று சாண்ட்விச் போடுகிறார்கள். மோட்டாரை மாட்ட அந்த சாண்ட்விச்சில் நாலு ஓட்டை. தண்ணீர் வெளியேற அடியில் ஒரு ஓட்டை. ஓட்டையைச் சுற்றிப் பூசின பிசின் வருஷக்கணக்கில் ஆடி ஆடி விட்டுப்போகிறது. தண்ணீர் உள்ளே போகிறது. வெளியே வர வழியில்லை. இரண்டு பக்கமும் பைபர் கதவைச் சாத்திவிட்டதே!

இங்கே மேஸ்திரி ஒரு சூட்சுமம் சொன்னார். "கடல் தண்ணி மரத்தை ஊறுகா போடும் அண்ணே. மழைத் தண்ணிதான் அழுக வைக்கும்."

விஞ்ஞானமும் அதையேதான் சொல்கிறது. மரத்தை அழுக வைப்பது ஒரு பூஞ்சை. அதற்கு ஈரம் வேண்டும், காற்று வேண்டும், வெதுவெதுப்பு வேண்டும். உப்பு ஆகாது. மரத்தில் ஈரப்பதம் இருபது சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது வளராது. குமரி மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு. கரையில் சும்மா கிடக்கிற படகில் தேங்குகிற மழைத் தண்ணீர் நேராகப் பின்பக்கம் வந்து நிற்கும். படகைக் கடல் கெடுப்பதைவிட ஓய்வு அதிகம் கெடுக்கிறது!

அதற்குத்தான் காசு தட்டல். பலகை நன்றாக இருக்கிற இடத்தில் 'டக் டக்'. உளுத்த இடத்தில் 'தொப் தொப்'. எங்கள் பாஷையில் ஆடிட். கீழ்ப்பாதி முழுக்கத் தொப் தொப். சந்தேகத்துக்கு டிரில்லால் ஒரு சின்னத் துளை போட்டார்கள். மரத்தூள் வரவில்லை. ஈரக் காபிப் பொடி வந்தது. பில்டரில் போட்டு இறக்கிய பிறகு வருமே, அதே கலர், அதே ஈரம். பெயிண்ட் மட்டும் வெளியே நீலக் கலரில் ஜம்மென்று மின்னுகிறது.

ரெண்டு டின் பெயிண்ட்

அன்று சாயங்காலம் ஒரு புரோக்கர் வந்தார். படகைச் சுற்றி வந்தார். ஒரு ஓட்டையைப் பார்த்தார்.

"இதுக்கா கவலைப்படுதீங்க? புட்டி வச்சு அடைச்சு, ரெண்டு டின் பெயிண்ட் அடிங்க. அடுத்த வாரமே ஆள் கூட்டிட்டு வாறேன். வெளியூர்ப் பார்ட்டி."

நண்பன் முகத்தில் ஒரு வெளிச்சம். அவன் ரெண்டு வருஷமாகச் சொல்வதும் அதுதானே? வித்துவிட்டு வீட்டில் இருங்கள், நான் பணம் அனுப்புகிறேன் என்று. பெரியவர் பதிலே சொல்லவில்லை. மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் மகனைப் பார்த்துக் கேட்டார்.

"வாங்குதவன் அதைக் காட்சிக்கா மக்கா வைப்பான்? அதுலதானே கடலுக்குப் போவான்?"

நண்பன் தட்டைப் பார்த்தான். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். பேலன்ஸ் ஷீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிற கலை தெரிந்த இரண்டு பி.காம். ஆசாமிகள். வாயைத் திறக்க முடியவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மேஸ்திரி கட்டர் மெஷினோடு வந்தார்.

ஆபரேஷன்

மோட்டார் இறங்கியது. படகைச் சமமாக முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். வெட்டும்போது அடிப்பாகம் தொய்ந்தால் அப்புறம் படகு ஒரு பக்கமாகவே இழுக்கும். அடுத்து பின்பலகையின் உயரத்தை அளந்து குறித்துக்கொண்டார்கள். குட்டைக் கால் மோட்டாருக்கு 15 அங்குலம், நெட்டைக் கால் மோட்டாருக்கு 20 அங்குலம் என்று கணக்கு. அது தப்பினால் விசிறி காற்றைக் கடையும், படகு நகராது.

வெளிப்பக்கம் வெட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன். இல்லை. உள்பக்கமிருந்து. வெளித்தோலை அப்படியே விட்டு, உள்தோலை மட்டும் ஓரத்தில் ரெண்டு அங்குலம் மிச்சம் வைத்துச் சதுரமாக வெட்டிக் கழற்றினார்கள். வெளித்தோல்தான் அச்சு. அது நின்றால்தான் படகின் உருவம் நிற்கும்.

உள்ளே பலகை என்று ஒன்று இல்லவே இல்லை! மேல் ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்குத்தான் மரம். மீதியை மேஸ்திரி கையாலேயே அள்ளிப் போட்டார். நாற்பது கிலோ மோட்டார் இத்தனை நாளும் பெயிண்டின் தைரியத்தில் தொங்கியிருக்கிறது. பெரியவர் ஒரு பிடியை அள்ளிப் பிழிந்தார். தண்ணீர் சொட்டியது. மகன் கையில் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. விற்கிற பேச்சு அன்றோடு நின்றது.

இனி நாலு நாள் காய வேண்டும். ஈரத்தின் மேல் ரெசின் ஒட்டாது. அந்த இடைவெளியில் நான் பக்கத்துக் குளச்சலுக்குப் போய் வந்தேன். 1741ல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்த கரை. வெற்றித் தூண் நிற்கிறது. தோற்ற பக்கத்துத் தளபதி டிலனாயைச் சிறைப் பிடித்து, பிறகு தன் சேனைக்கே பயிற்சி கொடுக்க வைத்துக்கொண்டார் ராஜா. பழுதானதைத் தூக்கி எறியாமல் உபயோகப்படுத்துவது இந்த மாவட்டத்தின் பழைய வழக்கம் போலிருக்கிறது.

முட்டத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. பெல்ஜியத்திலிருந்து வந்த பியர் ஜில்லே என்பவர் இங்கே படகு கட்டும் நிலையம் வைத்து, மீனவர்களோடு சேர்ந்து ப்ளைவுட் படகுகளைக் கட்டிப் பார்த்தார். சின்னப் படகு செய்வது எத்தனை பெரிய தலைவலி என்று 1985ல் புத்தகமே எழுதினார். ஆக, ப்ளைவுட்டும் பிசினும் இந்தக் கரைக்குப் புதுசில்லை.

காய்ந்ததும் வேலை சூடு பிடித்தது. பிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியை வெட்டி அளவு எடுத்தார்கள். மெரைன் ப்ளை வந்தது. ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று மேஸ்திரி புரட்டிப் பார்த்தார். அந்த முத்திரை வாங்க வேண்டுமானால் பலகைத் துண்டை 72 மணி நேரம் கொதிக்கிற தண்ணீரில் போட்டும் அது பிரியாமல் இருக்க வேண்டும். (நம்மில் எத்தனை பேர் தேறுவோம்?) 18 மில்லிமீட்டரில் ரெண்டு பலகை. ஒன்றோடொன்று ஒட்டினால் பழைய கனம் வந்துவிடும். வெட்டின ஓரங்களுக்கு ரெசினைப் பூசிக்கொண்டே இருந்தார்கள். குடிகாரன் மாதிரி உறிஞ்சியது. போதும் என்கிறவரை கொடுத்தார்கள். ஓரத்தில்தான் மரத்துக்கு வாய். அங்கே ரெசினைக் குடித்துவிட்டால் பிறகு தண்ணீருக்கு இடமில்லை.

ரெசின் கலப்பது தனி வித்தை. நூறு பங்கு ரெசினுக்கு ஹார்டனர் ஒன்று, ஒன்றரை பங்கு. ரெண்டைத் தாண்டக்கூடாது. வெயிலில் கால் மணி நேரத்தில் இறுகிவிடும். டப்பா கையைச் சுடும். கோபால்ட் என்ற ஊதாக் கலர் திரவம் ஒன்றும் உண்டு. அதை முதலிலேயே ரெசினில் கலந்துவிட வேண்டும். அதையும் ஹார்டனரையும் நேருக்கு நேர் ஊற்றினால் தீப்பிடிக்கும், வெடிக்கும். மேஸ்திரி ரெண்டு பாட்டிலையும் ஒரே பையில்கூட வைப்பதில்லை. மாமியாரையும் மருமகளையும் தனித்தனி ரூமில் வைப்பது போல!

ஹார்டனரைச் சொட்டு எண்ணி விடுகிற வேலை நண்பனுக்கு. அக்கவுண்டண்ட் ஆயிற்றே, ஒரு சொட்டு பிசகவில்லை. சரியாக முப்பதாவது சொட்டில் மேனேஜர் போன்.

"என்னப்பா, ஆபரேஷன் எப்படிப் போவுது?"

"உள்ளே இருந்ததெல்லாம் எடுத்தாச்சு சார். இப்ப புதுசா வச்சு ஒட்டிக்கிட்டிருக்கோம்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "லீவு வேணும்னா ரெண்டு நாள் சேர்த்து எடுத்துக்கப்பா" என்று குரல் தழுதழுத்தது.

வெளித்தோலின் உட்புறம் பசை மாதிரி ரெசின் களிம்பு பூசி, காற்று தங்காமல் பலகையை அழுத்தி, முட்டுக் கொடுத்து ராத்திரி முழுக்க விட்டார்கள். மறுநாள் பலகை படகோடு சேருகிற மூலைகளைக் களிம்பால் மழுப்பினார்கள். கண்ணாடி இழை கூர்மையான மூலையில் மடங்காது, தூக்கிக்கொள்ளும். அந்த இடைவெளியில் மறுபடி தண்ணீர். அதனால் மூலையை உருட்டிவிட்டு, அதன் மேல் இழைப் பாய், நெய்த இழை, மறுபடி பாய் என்று அடுக்கு. ஒவ்வொரு அடுக்கும் முந்தினதைவிட அகலம். அடியிலும் பக்கவாட்டிலும் ஒரு சாண் தூரம் ஏறிப் பிடித்துக்கொள்ளும். உருளையால் உருட்டி உருட்டிக் காற்றுக் குமிழியை வெளியேற்றினார்கள். தேய்க்கும்போது பறக்கிற தூசிக்கு முகமூடி அவசியம். என் கை அரிப்பு திருவல்லிக்கேணி வரை கூடவே வந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசிக் கட்டம். மோட்டார் போல்ட்டுக்கு ஓட்டை போட வேண்டும். மேஸ்திரி போல்ட்டைவிடப் பெரிதாகத் துளைத்தார். "அண்ணே, பெரிசாயிட்டே?" என்று பதறினான் நண்பன். அவர் சிரித்துக்கொண்டே துளை முழுக்க ரெசின் களிம்பை அடைத்தார். இறுகினதும் அதன் நடுவில் போல்ட் அளவுக்குச் சின்னதாக மறுபடி துளைத்தார். இப்போது போல்ட் போவது பிளாஸ்டிக் குழாய்க்குள். மரத்தைத் தொடவே தொடாது. தண்ணீர் உள்ளே வந்தாலும் பலகையைக் காண முடியாது. இருபது வருஷத்துக்கு முன்னால் யாராவது இந்த அரை மணி நேர வேலையைச் செய்திருந்தால் இந்த ஒன்பது நாள் தேவைப்பட்டிருக்காது.

பரீட்சை

மோட்டார் ஏறியது. பெரியவர் அதன் காலின் மேல் ஏறி நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலு தடவை குதித்தார். மேஸ்திரி படகுக்குள் படுத்து மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அசைவு இல்லை. காசு எடுத்துத் தட்டினார்கள். டக் டக் டக்.

"நீயும் ஏறி ஒருக்கா குதி மக்கா" என்றார் மகனிடம். அவன் குதித்தான். அக்கவுண்ட்ஸ் உத்தியோகத்தில் வளர்ந்த தொப்பையோடு குதித்தும் முதுகு அசையவில்லை.

விடிகாலையில் கடலில் இறக்கினார்கள். அப்பாவும் மகனும் மட்டும். முதலில் மெதுவாக. பாறைகளைத் தாண்டினதும் சத்தம் மாறியது. முழு வேகம். கரையில் நின்ற மேஸ்திரி பீடியைப் பற்ற வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். படகு சின்னப் புள்ளியாகி, ஒரு வட்டம் அடித்துத் திரும்பி வந்தது. மணலில் ஏறினதும் மேஸ்திரி தீப்பெட்டியைத் தேடினார்.

புரோக்கர் மறுபடி வந்திருந்தார். "இப்ப நல்ல விலை வரும், என்ன சொல்லுதீங்க?"

"இப்ப எதுக்கு விக்கணும்?" என்றார் பெரியவர்.

பேசிக்கொண்டே ஒரு வேலை செய்தார். அணியத்தின் அடியில் ஒரு உருட்டுக் கட்டையைக் கொடுத்து மூக்கைத் தூக்கி வைத்தார். பின்னால் போய் அடி ஓட்டையின் அடைப்பானைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இனி மழை பெய்தால் தண்ணீர் ஒரு நிமிஷம்கூட உள்ளே தங்காது. அந்த அடைப்பான் என்ன விலை என்று கேட்டேன். ஒரு சாயா விலை என்றார்.

நீங்கள் முட்டம் போனால் பாறையில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. அப்படியே கரையில் கிடக்கிற படகுகளையும் பாருங்கள். மூக்கு மேலே தூக்கியிருந்தால் அது விவரமான ஆள் வைத்திருக்கிற படகு. மூக்கு தாழ்ந்து, உள்ளே மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தால், பெயிண்ட் எத்தனை ஜோராக மின்னினாலும் பையிலிருந்து ஒரு காசை எடுத்துப் பின்பக்கம் தட்டிப் பாருங்கள். தொப் தொப் என்று கேட்டால் பக்கத்தில் இருக்கிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு சாயா வாங்கிக் கொடுத்தாலும் கொடுப்பார்கள்.